யெரெவானில் மாமன் கோபித்துக்கொண்டது

ஜூன் 23, 2021. புதன். திண்டுக்கல்

உரக்கடை முதலாளி தை மாதத்தில் இனாமாகக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் இதில் எழுத ஒரு சங்கதியும் இல்லை. திருவிழா கிடையாது, பொதுக்கூட்டம் கிடையாது. ஊரே வாய்க்கு முகக்கவசம் போட்டிருக்கும்போது மைக்செட்காரனுக்கு என்ன வேலை? என் கோட்டைச்சாமி சவுண்ட் சர்வீஸின் குழாய் ஸ்பீக்கருக்குள் எலி பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுவும் இரண்டாவது பிரசவம்.

நாளை முதல் சரித்திரம் தொடங்குகிறது. ஆகவே பேனாவை எடுத்தேன்.

என் அக்கா பாக்கியத்தின் ஒரே மகள் அபிராமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரேம்நாத், பெரியகுளத்துப் பையன். துபாயில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். அவன் இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குத் துபாய் கதவைச் சாத்திவிட்டது. ஆகவே பெண் அங்கே போய், அங்குள்ள கோவிலில் தாலி வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம், ஜூலை பன்னிரண்டு. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும்.

சாத்திய கதவுக்குள் பெண் எப்படிப் போவாள்? அதற்கும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். நடுவில் வேறொரு நாட்டில் பதினான்கு நாள் தங்கி, நம் காற்றையெல்லாம் மூச்சில் விட்டுத் தீர்த்துவிட்டுப் போனால் உள்ளே விடுவார்களாம். அந்த நாட்டுக்குப் பெயர் ஆர்மீனியா. மேப்பில் தேடினேன். என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

அக்கா வீட்டுக்காரர் தவமணி மச்சான் மே மாதம் கொரோனாவில் விழுந்து, ஆக்சிஜன் குழாயோடு கிடந்து எழுந்தவர். நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. அவரை விட்டுவிட்டு அக்காவால் நகர முடியாது. எனவே தாய்மாமன் புறப்படுகிறான். பெரியகுளத்தார் செய்துகொடுத்த தாலி என் பனியன் பைக்குள். இந்த வரனைக் கொண்டுவந்ததே நான்தான் என்பதை இங்கே அடக்கத்தோடு குறிப்பிடுகிறேன். பெரியகுளத்தில் கும்பாபிஷேகத்துக்கு மைக் கட்டப் போன இடத்தில் பையனின் அப்பா ராஜாங்கத்தைப் பிடித்தேன். ஜில்லாவிலேயே இப்படி ஒரு இடம் அமையாது.

ஜூன் 24. விமானம், அப்புறம் இன்னொரு விமானம்

மதுரையில் ஏறினோம். நடு சீட்டில் உட்காருகிறவனுக்குத்தான் நோய் வரும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி மாட்டிவிட்டார்கள். முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடித்தாள். பரலோகத்துக்குப் பாதி வழி போய்த் திருப்பி அனுப்பப்பட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அபி ஜன்னலோரம் இருந்து சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகக்கவசத்தின் மேல் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங். பதினாலாம் நம்பர் சீட்டில் ஒரு ஆவி உக்காந்திருக்கு. சொந்தக்காரவுங்க உடனடியா வந்து கூட்டிட்டுப் போகவும்" என்றாள். விமானப் பணிப்பெண் திரும்பிப் பார்த்தாள்.

இவள் திண்டுக்கல்லில் ஒரு லேபில் வேலை பார்த்தவள். இரண்டாவது அலை முழுக்க இந்த அங்கியைப் போட்டுக்கொண்டு ஊராரின் மூக்கில் குச்சி விட்டவள். போன வாரம் வேலையை விட்டுவிட்டாள். மாப்பிள்ளை விடச் சொன்னாராம்.

டெல்லி விமான நிலையத்தின் ஒரு மூலையில் திண்டுக்கல்லை இறக்கி வைத்தால், செருப்பு ஸ்டாண்டு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள். அவ்வளவு பெரிசு. அவ்வளவும் காலி.

ஜூன் 25. அல்லது 26. யெரெவான்

வந்துவிட்டோம். எங்கே என்றுதான் தெரியவில்லை.

என் கடிகாரம் திண்டுக்கல் நேரம் காட்டுகிறது. அதை மாற்ற மாட்டேன், ஒரு மனிதனுக்குப் பிடிமானம் என்று ஒன்று வேண்டும். இந்த ஊர் எழுத்து ஒவ்வொன்றும் குதிரை லாடம் மாதிரி இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்தால் லாடக்கடை என்று நினைத்து உள்ளே போகிறோம், அது பல் டாக்டர். தெருவில் பாதிப் பேருக்கு முகத்தில் ஒன்றும் இல்லை. கொரோனாவுக்கு இங்கே விசா கிடைக்கவில்லையோ என்னவோ. மற்றபடி தெருவெங்கும் நம் ஆட்கள். மலையாளி, பஞ்சாபி, ஐதராபாத்காரர் என்று துபாய்க்குப் போக வேண்டியவர்களெல்லாம் இந்தக் கட்டைவிரல் நாட்டில் பையோடு திரிகிறார்கள்.

நாலு மணி நேரத்தில் போகிற துபாய்க்கு, தலையைச் சுற்றி முதுகையும் சுற்றி மூக்கைத் தொடுகிறோம்.

ஜூன் 27. ஞாயிறு

நாங்கள் தங்கியிருப்பது ஒரு அம்மாளின் வீட்டு மாடி. பெயர் அனாஹித். வயது அறுபதிருக்கும், தோள் நம்மூர் மல்யுத்தக்காரர் தோள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆர்மீனியம் தெரியாது. இருவருக்கும் இங்கிலீஷ் சம அளவில் தெரியாது. ஆகவே மிகவும் தெளிவாகப் பேசிக்கொள்கிறோம்.

இவர்கள் ரொட்டி ஒன்றை விரித்தால் அதில் பந்தி போடலாம். மீதியைப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். தயிரைக் கரைத்து உப்புப் போட்டு ஒரு டம்ளரில் கொடுத்தார். அதற்கு ஏதோ பெயர் சொன்னார். நான் குடித்துப் பார்த்து "மோர்" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "மோர்தான்" என்றேன். இரண்டு அரசாங்கங்களும் இதில் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை.

ஜன்னலைத் திறந்தால் பனி போட்ட மலை ஒன்று தெரிகிறது. நம்ம சிறுமலையைப் பத்து தடவை அடுக்கினாலும் அதன் இடுப்புக்கு வராது. ஆனால் அது பக்கத்து நாட்டுக்காரனுடையதாம். தினமும் பார்க்கலாம், போக முடியாது. என்ன ஏற்பாடோ.

ஜூன் 29

மாப்பிள்ளையைப் பற்றி இன்று எழுதியாக வேண்டும். துபாய்க்கும் இந்த ஊருக்கும் ஒரே நேரமாம். அது வசதியாகப் போய்விட்டது அவருக்கு. காலையில் எழுந்ததும் ஒரு வீடியோ கால், டிபனுக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. என்ன அக்கறை! எனக்குக் கல்யாணம் ஆகி என் சம்சாரம் இருந்த காலம் முழுக்க இத்தனை தடவை பேசியிருக்க மாட்டேன்.

"கேமராவத் திருப்பு. அங்கிட்டு அலமாரிப் பக்கம். கதவுக்குத் தாப்பா எந்தப் பக்கம் இருக்கு? மாமா ரூம் எது?"

அபி ஒவ்வொன்றாகக் காட்டினாள். நானும் என் ரூமிலிருந்து கை காட்டினேன்.

"பின்னாடி யாரு சிரிச்சது?"

"வீட்டுக்கார அம்மா" என்றாள் அபி.

"காட்டு."

அனாஹித் அம்மாளையும் காட்டினாள். அந்த அம்மாள் கையில் கத்தரிக்காயோடு கேமராவைப் பார்த்தார்.

ஸ்டோர் சூப்பர்வைசர் அல்லவா? சரக்கை எண்ணிப் பார்க்காமல் தூக்கம் வராது போல. பொறுப்பான பையன்.

ஜூன் 30

மழை. எனக்கு மலச்சிக்கல். அபிக்குப் பசியில்லையாம்.

ஜூலை 1

காலையில் அபியை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏப்ரிகாட் பழம் மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பழத்தைக் கடித்தால் சாறு முழங்கை வழியாக வழிந்து செருப்புக்குள் போகிறது. வியாபாரி சும்மாவே ஆளுக்கு ஐந்தாறு கொடுத்துவிட்டான். அபி "மாமா, இவரு வாங்குற காச விடக் குடுக்குற பழம் அதிகமா இருக்கு, இவரத் திண்டுக்கல் சந்தைல விட்டா ரெண்டு நாள்ல காலி" என்று பழைய மாதிரி பேசினாள். எனக்குச் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தால் போன் மெத்தை மேல் கிடக்கிறது. எடுத்துப்போக மறந்துவிட்டாள். எடுக்காத அழைப்புகள் அதில் நெல் மாதிரிக் குவிந்திருந்தன. அபி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குள் என் போன் அடித்தது.

"மாமா, நீங்க எங்க இருந்தீங்க?"

"மார்க்கெட்டுல மாப்பிள்ள. இந்தப் பழம் இருக்கு பாருங்க..."

"அவளும் கூட இருந்தாளா?"

"பின்ன? கூடதான் இருந்துச்சு."

"அங்க எடுத்த போட்டோ ஏதாச்சும் இருந்தா இப்ப அனுப்புங்க."

கல்யாண ஆல்பத்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். பழவியாபாரி எங்கள் இருவர் தோளிலும் கை போடாத குறையாக நிற்கிற படம் ஒன்றை அனுப்பினேன். என் பல்லெல்லாம் தெரியும்படி அருமையாக வந்திருந்தது. அரை நிமிஷத்தில் அடுத்த கால்.

"அந்தக் கடைக்காரன் ஏன் சிரிக்கிறான்?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஏன் சிரித்தான்? எனக்கும் தெரியவில்லை. "பழம் நல்ல விளைச்சல் போல மாப்பிள்ள" என்றேன்.

அதற்கப்புறம் அபி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் போனில் பேசினாள். பேசினாள் என்று சொல்ல முடியாது. "சரி... சரி... இல்லங்க... சரி" என்று மட்டும் கேட்டது. வெளியே வந்து, "மாமா, இனிமே நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள்.

வெயிலாக இருக்கும். இந்த ஊர் வெயில் வேறு மாதிரி.

ஜூலை 3

இன்று நடந்தது எனக்குப் புரியவில்லை. அப்படியே எழுதிவைக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு. அனாஹித் அம்மாள் திராட்சை இலைக்குள் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைத்திருந்தார். நான் அதில் ஒரு படைக்குரியதைத் தின்றுகொண்டிருந்தேன். அபி போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து நிறுத்தியிருந்தாள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் பேசவில்லை, வேலையாக இருந்தார். நடுநடுவே சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வைக்கச் சொன்ன இடத்தில் போன் இருக்க வேண்டுமாம். அபி ஒரு வாய் எடுப்பாள், போனைப் பார்ப்பாள். ஒரு வாய் எடுப்பாள், பார்ப்பாள்.

அனாஹித் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். போனை எடுத்தார். ரொட்டிக் கூடைக்குள் வைத்தார். ரொட்டியைச் சுற்றுகிற துணியால் மூடினார். தட்டை அபியின் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

கூடைக்குள்ளிருந்து "அபி? அபி? ஏய்!" என்று ரொட்டி பேசியது.

இது இந்த நாட்டுப் பழக்கமா? விருந்தாளி போனை ரொட்டியோடு மூடி வைப்பது? மலையாளப் பையன் ஒருவனிடம் விசாரித்தேன். அப்படி ஒன்றும் இல்லை என்கிறான்.

அபி போனை எடுக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. துணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள்.

ஜூலை 4. ஞாயிறு

வாசல்படியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். அபி கேட்டாள்:

"மாமா, டிக்கெட்ட மாத்த முடியுமா?"

"எதுக்குத் தாயி?"

"சும்மா."

செருப்பு வாரைத் திருகிக்கொண்டே, "நான் ஒண்ணு சொன்னா அப்பாட்டச் சொல்லிருவீங்களா?" என்றாள்.

"நான் மைக்செட்டுக்காரன். எங்கிட்டச் சொன்னா ஊருக்கே கேக்கும்ல?" என்றேன்.

நல்ல ஜோக். எந்த மேடையில் சொன்னாலும் கைதட்டு விழும்.

"அப்ப வேணாம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 5

நேற்றுச் சொன்ன ஜோக் அவ்வளவு நல்ல ஜோக் இல்லை.

ஜூலை 6

தக்காளி அரிந்துகொண்டிருந்தேன். ரசம் வைப்பதாக உத்தேசம். மிளகு ஊரிலிருந்து கொண்டுவந்தது. அபி எதிரில் வந்து உட்கார்ந்து வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். குனிந்த தலை நிமிராமல் பேசினாள். அவள் சொன்னதை என் பாணியில் சொன்னால் கெட்டுப்போகும். அதனால் அவள் வார்த்தையிலேயே:

"லேப் ஆளுக நம்பரெல்லாம் அழிக்கச் சொன்னாரு, அழிச்சுட்டேன். வேலைய விடச் சொன்னாரு, விட்டுட்டேன். நேத்து, அங்க வந்தப்பறம் அம்மாட்ட வாரத்துல ஒரு தடவ பேசுனாப் போதும்னாரு. அதுவும் அவரு கூட இருக்கறப்ப. வெளிய போறப்ப ரூமப் பூட்டிட்டுப் போவாராம். 'உன் நல்லதுக்குத்தான், ஊரு அப்பிடி'ங்கறாரு."

நான் தக்காளி அரிந்தேன்.

"அப்பாட்டச் சொன்னா நிறுத்திருவாரு மாமா. நிறுத்திட்டு, என்னால எம் பொண்ணு பேரு கெட்டுச்சுன்னு நினைச்சு நினைச்சே விழுந்துருவாரு. ஆஸ்பத்திரில அவரு கெடந்தத நான் பாத்தேன். தெனம் ரிப்போர்ட்ட எடுத்துட்டு வந்தது நான்தான். என் வாயால வேணாம்னு சொல்ல மாட்டேன். உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னும் தெரியல. யாருட்டயாச்சும் சொல்லணும் போல இருந்துச்சு."

"இன்னும் ரெண்டு வெங்காயம் உரி" என்றேன்.

ரசம் நன்றாக வரவில்லை. புளி இந்த ஊரில் கிடைக்காது. எலுமிச்சை பிழிந்தது தப்பாகப் போயிற்று. எனக்குக் கொஞ்ச நாளாகவே எதுவும் சரியாகப் பிடிபடவில்லை.

ஜூலை 7, காலை

நாளை மறுநாள் மூக்கில் குச்சி, பத்தாம் தேதி விமானம். இன்று சாயங்காலம் எல்லாரும் வீடியோவில் கூடிக் கல்யாண ஏற்பாடுகளைக் கடைசியாக ஒரு தடவை பேசுகிறோம்.

இன்று காலை முழுக்க என் தொழில் வாழ்க்கையை நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை கல்யாணத்துக்கு மைக் கட்டியிருக்கிறேன்! முகூர்த்த நேரம் நெருங்கும். மேளம் நிற்கும். சமையற்காரர் வந்து என் காதில் சொல்வார். நான் மைக்கைப் பிடித்து, "தாய்மாமன் கோபித்துக்கொண்டு பந்தல் வாசலில் நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் உடனடியாக வரவும்" என்று அறிவிப்பேன். மாலை சின்னதாக இருக்கும், இல்லை பத்திரிகையில் பேர் கீழே போயிருக்கும், இல்லை வெற்றிலைத் தட்டு முதலில் வேறு யாருக்கோ நீட்டப்பட்டிருக்கும். மாமன் சமாதானமாகாமல் தாலி ஏறாது. சமாதானமாகாமலே நின்றுபோன கல்யாணங்களும் உண்டு. அப்போது பெண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். "அந்தக் கிறுக்குப்பய மாமனால போச்சு" என்பார்கள். அவ்வளவுதான்.

என்னவோ, சும்மா நினைவு வந்தது. பட்டுவேட்டியைத் தேய்த்து வைத்தேன்.

ஜூலை 7, சாயங்காலம்

எனக்கு இழைக்கப்பட்ட அவமானத்தை வரலாறு அறிய வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

போனில் நாலு கட்டம். ஒன்றில் துபாயிலிருந்து பிரேம்நாத். ஒன்றில் பெரியகுளத்திலிருந்து அவன் அப்பா ராஜாங்கம். ஒன்றில் மச்சானும் அக்காவும். ஒன்றில் பட்டுவேட்டியோடு நான், பக்கத்தில் அபி.

ராஜாங்கம் ஆரம்பித்தார். "எல்லாம் பேசுன மாதிரிதான சம்பந்தி? காலைல கோவில், மத்தியானம் ஓட்டல்ல சாப்பாடு. முடிஞ்சுச்சு."

"உருமால் கட்டு எத்தன மணிக்கு?" என்றேன் நான்.

"என்ன கட்டு?"

"தாய்மாமனுக்கு உருமால் கட்டு. மாப்பிள்ளைக்கு அப்பா சபையில வச்சுப் பட்டு உருமால எடுத்து மாமன் தலையில கட்டணும்ல? அப்பறம்தான தாலி?"

"நான் எங்கய்யா துபாய்க்கு வர்றேன்? அங்க ஒரு துண்டு வாங்கி நீங்களே கட்டிக்கங்க."

துண்டு! என் தலைக்குத் துண்டு! முடிவெட்டும் கடையில்கூட எனக்கு வெள்ளைத் துணி போடுவார்கள்.

"துண்டா? யாரப் பாத்துத் துண்டுன்றீங்க? ஏழு தலைமொறையா எங்க வம்சத்துல மாமன் தலைல பட்டு ஏறாமத் தாலி ஏறுனதில்ல. பட்டு உருமால் வேணும். மேளம் வேணும். விமானத்துல இருந்து எறங்குனதும் யானைல ஏத்திக் கூட்டிட்டுப் போகணும்."

"துபாய்ல யானைக்கு எங்கய்யா போக?"

"ஒட்டகம் இருக்குல்ல? வெள்ளை ஒட்டகமா இருக்கணும்."

"டேய் கோட்ட" என்று மச்சான் கட்டத்துக்குள்ளிருந்து பல்லைக் கடித்தார். "வெளையாடாதடா. நல்ல காரியம் பேசிட்டிருக்கு."

"நீங்க சும்மா இருங்க மச்சான். இது மாமன் மான விசயம்."

இப்போது பிரேம்நாத் வாயைத் திறந்தான். "மாமா, நேராப் பேசுவோம். அவ தனியா வரக்கூடாதுன்னுதான் உங்கள அனுப்பச் சொன்னது. ஏர்போர்ட்ல அவள ஒப்படைச்சுட்டு நீங்க அப்படியே கெளம்பலாம்."

"ஒப்படைக்கிறதா? அப்ப சரக்கு வந்து சேந்துச்சுன்னு ரசீது போட்டுக் குடுப்பியா மாப்பிள்ள?"

"அபி! அந்தாள்ட்ட இருந்து போன வாங்கு."

அபி அசையவில்லை.

"வாங்குடி! பேசிட்டிருக்கேன், எங்க பாக்குற? கெழவன் ஆடுறான், நீ பாத்துட்டு நிக்கிற? இங்கதான வரணும் நீ. வா. ஒரு மாசம் ரூமுக்குள்ள கெடந்தாத் தெரியும். அப்பத்தான் சொன்னது காதுல ஏறும் உனக்கு."

யாரும் பேசவில்லை. அக்காவின் கட்டத்தை மட்டும் பார்த்தேன். மச்சான் இருமிக்கொண்டே தண்ணீருக்கு எழுந்து போயிருந்தார். அவள் கை வாய்க்குப் போயிற்று. இறங்கவில்லை.

அந்த அமைதியைக் கெடுப்பது என் தொழில். குரலைத் திருவிழா அளவுக்கு ஏற்றினேன். "உருமால் இல்லாம எம் பொண்ண எடுத்துப் பாரு! உங்கப்பன் வந்து என் கால்ல விழுந்து கட்டணும்! ஒட்டகத்துக்கும் சேத்துக் கட்டணும்!"

ராஜாங்கம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கட்டத்துக்குள் அவர் வயிறு மட்டும் தெரிந்தது. வயிறு கத்தியது. "யோவ், உன்ன மாதிரிக் கிறுக்கனோட எனக்குச் சம்பந்தமே வேணாம்யா! எம் புள்ளைக்கு ஆயிரம் பொண்ணு! தாலியத் திருப்பிக் குடுத்துட்டுப் போ!"

"சொல்லிட்டீங்க" என்றேன். "உங்க வாயால சொல்லிட்டீங்க. எல்லாரும் கேட்டாங்க." போனை அணைத்தேன்.

பெரிய அவமானம். பட்டுவேட்டியை மடிக்க வராமல் சுருட்டி வைத்துவிட்டேன். அவமானத்தால்தான்.

அபி பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "மாமா... நெசமாவே ஒட்டகம் கேட்டீங்களா?"

"வெள்ளை ஒட்டகம்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோள் குலுங்கியது. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் குலுங்கும் போல.

"எனக்காகத்தான..."

"உனக்காகவா? ஏன், எனக்குன்னு ஒரு மானம் இல்லையா? துண்டுன்னு சொல்லிட்டான் தாயி! துண்டு!"

ஜூலை 8

மச்சான் பேசினார். எனக்கும் அவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். அபி காதுகுத்துக்கு இலவசமாக மைக் கட்டியவன் நான். தலைதீபாவளிக்கு அவர் வாங்கிக்கொடுத்த ரேடியோவைப் பிரித்துப் பார்த்துத்தான் இந்தத் தொழிலே கற்றேன்.

"எம் புள்ள வாழ்க்கைய ஒரு துணிக்காகடா... ஒரு முழம் துணிக்காக..."

இருமல் வந்துவிட்டது. அந்த இருமல் ஓயும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"தண்ணியக் குடிங்க மச்சான்."

"இனிமே என் வாசப்படிய மிதிச்ச, நடக்கறதே வேற. செத்தாக்கூட வராத. நான் செத்தாலும் சரி, நீ செத்தாலும் சரி."

"சரி மச்சான். முதல்ல தண்ணியக் குடிங்க."

அபிக்கு இதைச் சொல்லவில்லை. என்ன சொன்னாரு என்று கேட்டாள். ஒட்டகத்தை நினைத்து அவருக்கும் உள்ளூரச் சிரிப்புதான் என்றேன்.

ஜூலை 9

டிக்கெட்டை டெல்லிக்கு மாற்றியாயிற்று. மூக்கில் குச்சி விட்டாயிற்று. குச்சி விட்ட பையனின் கையைப் பிடித்து அபி ஏதோ திருத்தம் சொன்னாள். அவனும் பணிவோடு கேட்டுக்கொண்டான்.

மத்தியானம் அனாஹித் அம்மாள் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அபி இரண்டு தட்டு சாப்பிட்டாள். மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டியபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

ஜூலை 12. திங்கள். திண்டுக்கல்

முகூர்த்த நாள். டெல்லி, மதுரை என்று வந்து இறங்கி, வாடகைக்காரில் ஊர் வந்து சேர்ந்தோம். தெருமுனையிலேயே காரை நிறுத்தச் சொன்னேன். அபி பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக நடந்து போனாள். வாசலில் மச்சான் நின்றிருந்தார். காரைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளுக்குக் கேட்டைத் திறந்தார்.

இப்போது மைக்செட் குடோனில் இருக்கிறேன். அரசாங்கக் கணக்கில் தனிமைப்படுத்தல். பத்தாவது நாள் வெளியே வரலாமாம். வந்து எங்கே போவது என்று அரசாங்கம் சொல்லவில்லை. எலிக்குட்டிகள் பெரிதாகிவிட்டன.

சாயங்காலம் அக்கா பேசினாள். குரல் மிகவும் சன்னமாக இருந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அதை அவள் வேண்டுமென்றே வைத்திருக்கிறாள் என்று தோன்றியது.

"தம்பி."

"சொல்லுக்கா."

"நெசத்தச் சொல்லு. உருமாலுக்குத்தானா?"

"பின்ன வேறெதுக்கு? துண்டுன்னு சொல்லிட்டாய்ங்கக்கா."

குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது.

"அபி?" என்று நான்தான் கேட்டேன்.

"வந்ததும் சாப்பிட்டுட்டுப் படுத்துச்சு. இன்னும் எந்திரிக்கல. நானும் எழுப்பல." மூக்கை உறிஞ்சினாள். "அவரு எப்ப மனசு மாறுவாருன்னு தெரியல தம்பி. மாறாமயே போனாலும் போயிருவாரு. நாளைலருந்து பின்பக்கமாச் சோறு குடுத்துவிடுறேன், சத்தம் போடாம வாங்கிக்க."

"சரிக்கா."

"யாரு கேட்டாலும் உருமாலுக்குத்தான்னு சொல்லு. உங்க மச்சான் கேட்டாலும், அபியே கேட்டாலும். மாத்திப் பேசிராத."

ஆகவே இதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். கல்யாணம் நின்றது உருமாலால்தான்.